நெட்டில் வாங்கப் போகிறீர்களா? இலையா வேரா என்று முதலில் பாருங்கள்

தொட்டால் சுரீரென்று கொட்டும் நெட்டில் செடி பற்றி வந்த கேள்விகளை இந்த முறை ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன். ஐரோப்பாவிலும் இமயமலைப் பகுதிகளிலும் இதைத் தலைமுறை தலைமுறையாகக் கீரையாகச் சமைத்திருக்கிறார்கள், கைமருந்தாகவும் வைத்திருந்திருக்கிறார்கள். இப்போது தேநீர்ப் பை, கேப்சூல், வேர்த்தூள், ஷாம்பு என்று பல உருவங்களில் விற்பனைக்கு வருகிறது. கீரையாக இது மிக நல்ல பொருள். மருந்தாக வாங்கும்போதுதான் நிதானம் வேண்டும்.

கேள்வி: நெட்டில் என்று தேடினால் இலைத் தேநீர், வேர்த்தூள், கேப்சூல் என்று மூன்றும் வருகின்றன. எல்லாம் ஒரே செடிதானே, விலை குறைந்ததை வாங்கிவிடலாமா?

வேண்டாம். செடி ஒன்றாக இருந்தாலும் இலையும் வேரும் வேறு வேறு மருந்துகள். ஜெர்மனியில் மூலிகை மருந்துகளை மதிப்பிட 1978-ல் அமைக்கப்பட்ட 'கமிஷன் ஈ' என்ற நிபுணர் குழு இரண்டையும் தனித்தனியாகத்தான் எடுத்துக்கொண்டது. மூட்டு வலிக்குத் துணை மருந்தாகவும், சிறுநீர் அதிகம் போகவைத்துச் சிறுநீர்ப் பாதையைச் சுத்தப்படுத்தவும் இலையை ஏற்றது. வேரை ஏற்றது முற்றிலும் வேறொரு தொல்லைக்கு. புரோஸ்டேட் சுரப்பி பெரிதாகும் ஆரம்ப நிலையில் ஆண்களுக்குச் சிறுநீர் கழிப்பதில் வரும் சிரமத்துக்கு. அதிலும், வேர் அந்தச் சிரமத்தைத்தான் குறைக்கும், சுரப்பியின் வீக்கத்தைக் குறைக்காது, அதனால் மருத்துவரிடம் காட்டிக்கொண்டே இருக்க வேண்டும் என்று சேர்த்தே சொன்னது.

ஐரோப்பிய மருந்து முகமையும் இலை, வேர் இரண்டையும் 'பாரம்பரியப் பயன்பாடு' என்ற பிரிவில் வைத்திருக்கிறது. இந்தச் சொல்லைப் பெட்டிகளில் பார்ப்பீர்கள். ஆய்வில் நிரூபிக்கப்பட்டது என்று இதற்குப் பொருள் இல்லை. குறைந்தது 30 ஆண்டுகளாக மக்கள் பயன்படுத்தி வருகிறார்கள், பெரிய ஆபத்து தெரியவில்லை என்பதுதான் பொருள்.

ஆக, மூட்டு வலிக்கு என்று வேர்த்தூளை வாங்கினாலும், புரோஸ்டேட்டால் வரும் சிறுநீர்ச் சிரமத்துக்கு என்று இலைத் தேநீரை வாங்கினாலும் பணம் வீண். பெட்டியில் 'இலை', 'வேர்', 'தண்டும் இலையும்' என்று எந்தப் பாகம் என்பது தெளிவாக எழுதியிருக்க வேண்டும். வெறும் 'நெட்டில்' என்று மட்டும் இருந்தால் அதை விட்டுவிட்டு அடுத்ததைப் பாருங்கள்.

தாவரப் பெயரையும் பார்த்துவிடுங்கள். அர்டிகா டையோயிகா அல்லது அதன் சிறிய இனமான அர்டிகா யூரென்ஸ் என்று இருக்க வேண்டும். காஞ்சொறி, செந்தட்டி என்று நாம் சொல்வது டிராஜியா இன்வாலுக்ரேட்டா. அதுவும் தொட்டால் அரிக்கும், ஆனால் அது ஆமணக்குக் குடும்பத்துச் செடி. நெட்டிலுக்குச் சொல்லப்படும் பலனை எல்லாம் அதற்கும் ஏற்றிச் சொல்லி விற்பவர்கள் இருக்கிறார்கள்.

கேள்வி: கேப்சூல் ஒன்றில் 400 மில்லிகிராம் இலைத்தூள், நாளுக்கு இரண்டு எடுத்துக்கொள்ளுங்கள் என்று போட்டிருக்கிறது. தேநீர் போட்டுக் குடிப்பதைவிட இது நல்லதா?

கணக்குப் போட்டுப் பார்ப்போம். கமிஷன் ஈ சொன்ன அளவு, இலை என்றால் நாளுக்கு 8 முதல் 12 கிராம். வேர் என்றால் 4 முதல் 6 கிராம். உங்கள் இரண்டு கேப்சூலும் சேர்ந்து 0.8 கிராம். சொல்லப்பட்ட குறைந்த அளவில் பத்தில் ஒரு பங்கு! அதே பலனை எதிர்பார்த்தால் ஒரு நாளைக்கு 20 கேப்சூல் விழுங்க வேண்டும். அப்படி யாரும் விழுங்கவும் வேண்டாம்.

பெட்டியில் 'சாறு 10:1' என்று இருந்தால் கணக்கு மாறும். 10 கிலோ இலையிலிருந்து 1 கிலோ சாறு எடுத்தார்கள் என்பது அதன் பொருள். அப்போது 400 மில்லிகிராம் சாறு சுமார் 4 கிராம் இலைக்குச் சமம். ஆனால் தண்ணீரில் எடுத்த சாறும் ஆல்கஹாலில் எடுத்த சாறும் ஒன்றல்ல, இறங்கும் பொருட்கள் வேறுபடும். நல்ல நிறுவனங்கள் எதில் எடுத்தது என்பதையும் எழுதுகின்றன. விகிதமும் இல்லை, எதில் எடுத்தது என்றும் இல்லை, 'சக்திவாய்ந்த சாறு' என்று மட்டும் இருக்கிறது என்றால் அந்தச் சொல்லுக்கு நீங்கள் காசு கொடுக்க வேண்டியதில்லை.

என்னைக் கேட்டால் இலைக்குத் தேநீரே போதும். என்ன வாங்குகிறோம் என்பது கண்ணுக்குத் தெரிகிறது, கொதிநீர் ஊற்றி மூடிவைத்து வடிகட்டினால் முடிந்தது. உலர்ந்த இலை பச்சை மாறாமல் இருக்க வேண்டும். பழுப்பேறியிருந்தாலோ, தண்டுத் துண்டுகளே அதிகம் கிடந்தாலோ, பூஞ்சை வாடை அடித்தாலோ வாங்காதீர்கள். உலர்ந்தபின் கொட்டாது, அந்தப் பயம் வேண்டாம்.

கேள்வி: நெட்டில் இரும்புச்சத்தின் சுரங்கம் என்கிறார்கள். எனக்கு ரத்தசோகை இருக்கிறது. மாத்திரையை நிறுத்திவிட்டு இதைக் குடிக்கலாமா?

மாத்திரையை நிறுத்தாதீர்கள். அமெரிக்க வேளாண்துறையின் உணவுச்சத்து அட்டவணைப்படி, கொதிநீரில் வாட்டிய 100 கிராம் நெட்டில் இலையில் இருக்கும் இரும்பு சுமார் 1.6 மில்லிகிராம். மாதவிடாய் நிற்காத பெண்களுக்கு அமெரிக்காவில் பரிந்துரைக்கும் அளவு நாளுக்கு 18 மில்லிகிராம். தட்டு நிறையக் கீரை சாப்பிட்டாலே பத்தில் ஒரு பங்குகூட வராது. அதிலும் கீரையில் உள்ள இரும்பை உடம்பு குறைவாகத்தான் உறிஞ்சும். தேநீர் என்றால் ஒரு கோப்பைக்கு 2 கிராம் இலைதான் போடுகிறோம், அதிலிருந்து என்ன கிடைத்துவிடும்?

நெட்டிலின் உண்மையான பெருமை வேறு இடத்தில் இருக்கிறது. அதே 100 கிராமில் சுண்ணாம்புச்சத்து சுமார் 480 மில்லிகிராம். ஒரு டம்ளர் பாலில் இருப்பதைவிட அதிகம். நார்ச்சத்து சுமார் 7 கிராம். இதைச் சொல்லி விற்றாலே போதும், ஏன் ரத்தசோகையைப் பிடித்துக்கொள்கிறார்கள் என்று புரியவில்லை. ரத்தசோகை உள்ளவர்கள் இதை நம்பிச் சிகிச்சையைத் தள்ளிப்போடுவதுதான் எனக்குக் கவலை.

கேள்வி: சந்தையில் பச்சை நெட்டில் கட்டு கிடைக்கிறது. எப்படிப் பார்த்து வாங்குவது, கொட்டாமல் எப்படிச் சமைப்பது?

இந்தக் கேள்விக்குச் சந்தோஷமாகவே பதில் சொல்கிறேன்.

வாங்கும்போது நுனிக் கொழுந்தாக இருக்கிறதா என்று பாருங்கள். இளவேனிலில் செடி கைநீளம் வளர்வதற்குள் கிள்ளிய நுனி, அதாவது மேலே உள்ள நாலைந்து இலைகள்தான் சுவை. இலைக்காம்பின் அடியில் சரம் சரமாகப் பூ தொங்கினால் அது முற்றிய செடி. முற்றிய இலைக்குள் சுண்ணாம்புத் துகள்கள் சேர்ந்துவிடும். வாயில் நறநறக்கும், சிறுநீர்ப் பாதையையும் உறுத்தலாம் என்பதால் பூத்தபின் பறித்ததைச் சமையலுக்கு எடுப்பதில்லை.

எங்கே பறித்தது என்றும் விற்பவரிடம் கேளுங்கள். நெட்டில் தழைச்சத்து மிகுந்த மண்ணைத் தேடி வளரும். குப்பைமேடு, மாட்டுத்தொழுவத்து ஓரம், சாலையோரம், ரயில் பாதையோரம் எல்லாம் அதற்குப் பிடித்த இடங்கள். அங்கெல்லாம் களைக்கொல்லியும் வண்டிப்புகையும் மண்ணிலுள்ள உலோகங்களும் இலையோடு சேர்ந்து வரும். வயலிலோ தோட்டத்திலோ வளர்த்துப் பறித்தது என்றால் கொஞ்சம் கூடுதல் விலை கொடுத்தே வாங்கலாம்.

வீட்டுக்கு வந்ததும் வெறுங்கையால் தொடாதீர்கள். இலையிலும் தண்டிலும் இருக்கும் சுணை ஒவ்வொன்றும் உள்ளே கூடான நுண்குழல். அதன் நுனி சிலிக்காவால் ஆனது, கண்ணாடிபோல உடையும். உடைந்த நுனி தோலில் ஏறி ஹிஸ்டமின், அசிட்டைல்கோலின், செரட்டோனின் போன்ற வேதிப்பொருட்களை உள்ளே விடும். எரிச்சலும் தடிப்பும் அதனால்தான். ரப்பர் கையுறை போட்டுக்கொண்டு, இடுக்கியால் எடுத்து, பெரிய பாத்திரத்துத் தண்ணீரில் அலசுங்கள். தடித்த தண்டைக் கத்தரிக்கோலால் நறுக்கிப் போட்டுவிடலாம்.

அப்புறம் கொதிக்கும் தண்ணீரில் போட்டு ஒன்றிரண்டு நிமிடம். அவ்வளவுதான், சுணை செத்துவிடும். உடனே குளிர்ந்த நீருக்கு மாற்றினால் அந்த அடர்பச்சை நிறம் அப்படியே நிற்கும். பிழிந்து நறுக்கினால் பசலைக்கீரை எங்கெல்லாம் போகுமோ அங்கெல்லாம் இதுவும் போகும். பெரிய கட்டு ஒரு பிடியாகச் சுருங்கிவிடும் என்பதால் கணக்குப் பார்த்து வாங்குங்கள். வாட்டிய தண்ணீரைக் கொட்டாமல் சூப்புக்கு வைத்துக்கொள்ளலாம்.

ஸ்வீடனில் இதைச் சூப்பாக்கி அவித்த முட்டையை மேலே வைத்துப் பரிமாறுகிறார்கள். இத்தாலியில் ரவியோலிக்குள் பூரணமாக வைப்பதும் உண்டு, பாஸ்தா மாவோடு பிசைவதும் உண்டு. ஜார்ஜியாவில் வாட்டிய இலையை அக்ரூட் பருப்பு, பூண்டு விழுதோடு பிசைந்து உருண்டையாக்குகிறார்கள். நேபாளத்து மலைக்கிராமங்களில் 'சிஸ்னு' என்ற பெயரில் இது அன்றாடச் சாப்பாடு. இங்கிலாந்தின் கார்ன்வாலில் 'யார்க்' என்ற பாலாடைக்கட்டியை நெட்டில் இலையால் சுற்றித்தான் முதிரவைக்கிறார்கள். இலைமேல் படரும் வெண்பூஞ்சையோடு சேர்ந்து அதற்குத் தனி மணம் வருகிறது.

முதல்முறை சமைப்பவர்களுக்கு உருளைக்கிழங்கு, வெங்காயம் போட்ட சூப்பைத்தான் சொல்வேன். நெட்டிலின் சுவை தெளிவாகத் தெரியும், கெடுவதற்கும் ஒன்றுமில்லை.

கேள்வி: மூட்டு வலிக்கு இலையால் அடித்துக்கொள்வார்களாமே? அதே பலன் தரும் என்று ஒரு களிம்பு விற்கிறார்கள். வாங்கலாமா?

வலிக்கும் இடத்தில் நெட்டிலைக் கொட்டவிடுவது ரோமானியர் காலத்திலிருந்து சொல்லப்படும் வைத்தியம். அதை ஒரு ஆய்விலும் சோதித்திருக்கிறார்கள். கைப் பெருவிரல் அல்லது ஆள்காட்டி விரலின் அடிமூட்டில் வலி இருந்த 27 பேரை வைத்து பிரிட்டனில் செய்த ஆய்வு 2000-ல் வெளியானது. ஒரு வாரம் நெட்டில் இலையும், இன்னொரு வாரம் பார்க்க அதுபோலவே இருந்தும் கொட்டாத வேறொரு இலையும் கொடுத்தார்கள். நெட்டில் வாரத்தில் வலி குறைந்தது. நம்பிக்கை தரும் முடிவுதான், ஆனால் சிறிய ஆய்வு. முழங்கால் வலிக்கும் முதுகு வலிக்கும் இதை அப்படியே பொருத்த முடியாது.

களிம்பு விஷயத்துக்கு வருகிறேன். அந்த ஆய்வில் வேலை செய்தது உயிருள்ள சுணையின் கொட்டு. உலர்த்திச் சாறெடுத்துக் களிம்பில் கலந்தபின் அந்தக் கொட்டு இருக்காது. அந்த ஆய்வைக் காட்டி இந்தக் களிம்பை விற்பது சரியில்லை. வாங்க வேண்டாம். பச்சை இலையை முயல்வதாக இருந்தாலும், ஆஸ்துமாவோ கடுமையான ஒவ்வாமையோ உள்ளவர்கள் அந்தப் பக்கமே போகக் கூடாது.

கேள்வி: அப்பா ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறார். நெட்டில் சூப் கொடுக்கலாமா?

மருத்துவரைக் கேட்காமல் கொடுக்காதீர்கள். வாட்டிய 100 கிராம் இலையில் வைட்டமின் கே சுமார் 500 மைக்ரோகிராம் இருக்கிறது. ஒரு ஆணுக்கு நாளுக்குத் தேவையானது 120. வைட்டமின் கே திடீரென்று கூடினால் வார்ஃபரினின் வேலை குறையும், ரத்தம் உறையும் ஆபத்து வரும்.

இதயம் அல்லது சிறுநீரகம் பழுதாகி, தண்ணீரைக் குறைத்துக் குடிக்கச் சொல்லப்பட்டவர்கள் நெட்டில் தேநீரைத் தொடவே வேண்டாம். ரத்த அழுத்தம், சர்க்கரை, சிறுநீர் போகவைக்கும் மருந்து இவற்றில் எதையாவது சாப்பிடுபவர்களும், கர்ப்பிணிகளும் முதலில் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். 'இயற்கையானது, பக்கவிளைவு இல்லை' என்று பெட்டியில் எழுதியிருந்தாலும் இது மாறாது.

கேள்வி: நெட்டில் ஷாம்பு முடி உதிர்வதை நிறுத்துமா?

நிறுத்தும் என்று சொல்ல நல்ல ஆதாரம் இல்லை. பாட்டிலின் பின்பக்கம் உள்ள பொருள் பட்டியலைப் பாருங்கள். அதிகம் உள்ளது முதலிலும் குறைவாக உள்ளது பின்னாலும் வரும். நெட்டில் சாறு வாசனைப்பொருளுக்குப் பக்கத்திலோ அதற்குப் பின்னாலோ இருந்தால், பெயருக்குச் சேர்த்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளலாம். தலையில் ஒரு நிமிடம் இருந்து தண்ணீரோடு போய்விடும் பொருள் வேறு. ஷாம்பு பிடித்திருந்தால் ஷாம்புக்காக வாங்குங்கள்.

கேள்வி: கொட்டிவிட்டால் பக்கத்தில் வளரும் 'டாக்' என்ற அகன்ற இலைச் செடியின் இலையைத் தேய்க்கச் சொல்கிறார்கள். அதற்கென்று தனி ஸ்பிரேயும் விற்கிறார்கள். எதை வாங்குவது?

எதையும் வாங்க வேண்டாம். டாக் இலை கொட்டின் விஷத்தை முறிக்கும் என்பதற்கு ஆதாரம் கிடையாது. குளிர்ந்த இலைச்சாறு கொஞ்சம் இதமாக இருக்கும், அவ்வளவே. தேய்க்காதீர்கள், தேய்த்தால் தோலில் நிற்கும் சுணை இன்னும் உள்ளே இறங்கும். ஒட்டும் டேப்பை அழுத்தி இழுத்து மிச்சச் சுணையை எடுத்துவிட்டுச் சோப்புத் தண்ணீரில் கழுவுங்கள். பெரும்பாலும் சில மணி நேரத்தில், அதிகமானால் ஒரு நாளில் அடங்கிவிடும். மூச்சுத் திணறினாலோ, முகமும் உதடும் வீங்கினாலோ உடனே மருத்துவமனை.

கேள்வி: நான் வாங்கிய நெட்டில் தூளின் பெட்டியில் 'சர்க்கரை நோயைக் குணப்படுத்தும்' என்று இருக்கிறது. பிரித்துவிட்டேன், திருப்பித் தர முடியுமா?

பிரித்த உணவுப்பொருளைச் சும்மா திருப்பிக் கொடுத்தால் கடைக்காரர் மறுப்பார். ஆனால் உங்கள் காரணம் வேறு. உணவுப்பொருளாக விற்கும் ஒன்றை நோயைக் குணப்படுத்தும் என்று சொல்லி விற்பதைப் பெரும்பாலான நாடுகளின் சட்டம் அனுமதிப்பதில்லை. அந்த வாசகம், தயாரிப்பாளர் முகவரி, தொகுதி எண், காலாவதித் தேதி நான்கும் தெரியும்படி படம் எடுங்கள். ரசீதோடு சேர்த்து விற்றவருக்கு எழுத்தில் அனுப்பி, பொய்யான வாக்குறுதியை நம்பி வாங்கினேன், பணத்தைத் திருப்பித் தாருங்கள் என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் உணவுப் பாதுகாப்பு அதிகாரிக்கும் நுகர்வோர் அமைப்புக்கும் அதே கடிதத்தின் நகலை அனுப்புங்கள். அதுவரை பெட்டியைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், மிச்சமுள்ள தூளோடு அப்படியே வைத்திருங்கள்.