தகரக் கொட்டகைக்கு ஸ்ப்ரே ஃபோம் அடிக்கலாமா? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: மரக் கம்பம் நட்டுத் தகரம் வேய்ந்த கொட்டகை எங்களுடையது. ஒரு பக்கம் டிராக்டரும் வைக்கோலும், மறுபக்கம் எட்டுப் பால் மாடுகள். கூரையில் ஓட்டை ஒன்றுகூட இல்லை. ஆனால் குளிர்காலத்தில் விடியற்காலையில் தகரத்தின் அடிப்பக்கம் வியர்த்து மழை மாதிரி சொட்டுகிறது, வைக்கோல் பூஞ்சை பிடிக்கிறது. ஸ்ப்ரே ஃபோம் அடித்தால் நின்றுவிடும் என்கிறார்கள். நம்பலாமா?

பதில்: ஸ்ப்ரே ஃபோம் என்பது இரண்டு திரவங்களைக் கலந்து பீய்ச்சி அடிக்கும் பாலியூரித்தேன் நுரை, அடித்ததும் உப்பி ஒட்டிக்கொள்ளும். அடித்தால் சொட்டுவது நிற்கும், அதை நம்பலாம். ஆனால் உங்கள் கொட்டகைக்கு அது மட்டும் போதாது.

இரவில் தகரம் தன் சூட்டை வானத்துக்குக் கொடுத்துவிட்டு, சுற்றியிருக்கும் காற்றைவிடக்கூடக் குளிர்ந்துபோகும். உள்ளே இருக்கிற ஈரக்காற்று அதில் பட்டதும் நீராக மாறுகிறது. குளிர்ந்த நீர் ஊற்றிய டம்ளரின் வெளிப்பக்கம் வியர்ப்பது போலத்தான். தகரத்தின் அடியில் நுரையை ஒட்டவைத்துவிட்டால் ஈரக்காற்றுக்குத் தகரத்தைத் தொட வழியில்லை, சொட்டு நின்றுவிடுகிறது.

சரி, அந்த ஈரம் எங்கிருந்து வருகிறது? ஒரு பால் மாடு மூச்சிலும் தோலிலுமாக ஒரு நாளைக்கு 10 லிட்டருக்கும் மேல் தண்ணீரை ஆவியாக விடுகிறது. எட்டு மாடு என்றால் 80 லிட்டர், அதாவது தினமும் நாலைந்து குடம் தண்ணீரைக் கொட்டகைக் காற்றில் கரைத்துவிடுவதற்குச் சமம், இதில் கோமியமும் சாணமும் தரை கழுவிய ஈரமும் இன்னும் சேரவில்லை. இத்தனையும் வெளியே போக இருப்பது முகட்டில் உள்ள திறப்பும் இறவானத்து (கூரை தாழ்ந்து முடியும் ஓரத்து) இடைவெளியும்தான். நுரை அடிக்க வருபவர் சந்து பொந்து எல்லாவற்றையும் அடைத்துக் கொடுப்பதைத்தான் நல்ல வேலை என்று நினைப்பார். வீட்டுக்கு அது சரி. மாட்டுக் கொட்டகையில் அப்படி அடைத்தால் ஈரமும் அம்மோனியா நெடியும் உள்ளேயே தங்கிவிடும், மாடுகள் இருமத் தொடங்கும், கன்றுகளுக்கு நுரையீரல் நோய் வரும். கூரை காய்ந்திருப்பதைப் பார்த்து நாமும் எல்லாம் சரியாகிவிட்டது என்று இருந்துவிடுவோம், அதுதான் எனக்குப் பயம்.

அதனால் முதலில் முகட்டைத் திறந்துவிடுங்கள். இறவானத்தில் காற்று நுழையட்டும். ஒரு குளிர்காலம் பாருங்கள். சொட்டுவது பெருமளவு குறைந்தால் வைக்கோல் பக்கத்துக்கு மட்டும் நுரை போதும். மாட்டுப் பக்கமும் அடிப்பதாக இருந்தால் முகட்டுத் திறப்பையும் இறவானத்தையும் தொடக்கூடாது என்று வேலைக்காரரிடம் முன்கூட்டியே, முடிந்தால் எழுத்திலேயே சொல்லிவிடுங்கள். தரை வெறும் மண்ணாக இருந்தால் அதிலிருந்தும் ஈரம் ஏறிக்கொண்டே இருக்கும், அதையும் கவனியுங்கள்.

கேள்வி: ஓப்பன் செல், குளோஸ்டு செல் என்று இரண்டு சொல்கிறார்கள். விலை குறைந்ததையே போட்டால் என்ன?

பதில்: தகரத்தில் வேண்டாம். ஓப்பன் செல் நுரை பஞ்சு போன்றது, கன மீட்டருக்கு சுமார் 8 கிலோதான் இருக்கும், ஆவி அதற்குள் புகுந்து தகரத்தை எட்டிவிடும், மறுபடி அதே வியர்வை, இந்த முறை கண்ணுக்குத் தெரியாத இடத்தில். குளோஸ்டு செல்லில் ஒவ்வொரு குமிழும் தனித்தனியே மூடியிருக்கும். கன மீட்டருக்கு 30 கிலோவை ஒட்டி இருக்கும், அதே தடிமனில் ஏறக்குறைய ஒன்றரை மடங்குக்கும் மேல் சூட்டைத் தடுக்கும். தடிமன் எவ்வளவு வேண்டும் என்றால், முதல் 25 மி.மீ.தான் பெரும்பாலான வேலையைச் செய்கிறது. 50 ஆக்கினால் மிச்சம் வருகிற சூடு பாதியாகும், 100 ஆக்கினால் அந்தப் பாதியில் பாதி. ஹீட்டர் போட்டு வேலை செய்கிற பட்டறைக்குக் கனமாக அடிப்பதில் அர்த்தம் உண்டு, வண்டி நிறுத்தும் கொட்டகைக்கு இல்லை.

கேள்வி: பக்கச்சுவரே இல்லாத கொட்டகை. கோடையில் கூரைச் சூடு தாங்க முடியவில்லை.

பதில்: கூரையின் மேல் முதலில் வெள்ளைப் பூச்சு அடியுங்கள். அப்புறமும் சூடு இறங்கினால் அடிப்பக்கம் 25 மி.மீ. நுரை. ஓரங்களில் வெயில் நேரே படுகிற இடத்தை மூடிவிட வேண்டும், வெயில் பட்ட நுரை பழுப்பேறிப் பொடிப்பொடியாக உதிரும்.

கேள்வி: கோழிக் கொட்டகைக்குள் நுரை நிலைக்குமா?

பதில்: மூடாமல் விட்டால் நிலைக்காது. கோழி எட்டும் உயரத்தில் கொத்தித் தின்னும். அதைவிட மோசம், கோழி எருவில் வளரும் ஒரு சிறு கறுப்பு வண்டு. அதன் புழு கூட்டுப்புழுவாக மாற இடம் தேடிச் சுவரேறி நுரையைக் குடைந்துகொண்டு உள்ளே போகும். நுரையை அது உணவாக எடுத்துக்கொள்வதில்லை, தங்க ஓர் இடம் வேண்டும், அவ்வளவுதான். நான் பார்த்த ஒரு கொட்டகையில் மேலே பார்த்தால் நன்றாகத்தான் இருந்தது, விரலால் அழுத்தினால் உள்ளே போனது, அத்தனையும் சல்லடை. எலியும் இப்படித்தான், கூடு கட்ட அதைவிட வசதியான இடம் அதற்குக் கிடைக்காது. ஆகவே தகரமோ சிமென்ட் பலகையோ போட்டு, மூலையில் இடைவெளி விடாமல் மூடுங்கள். மாட்டுக் கொட்டகைக்கும் இது பொருந்தும், மாடு உரசும், நக்கும்.

கேள்வி: கொட்டகையின் ஒரு மூலையில் வெல்டிங் வேலை செய்கிறேன். தீப்பிடிக்காத நுரை என்று சொல்லி விற்கிறார்களே?

பதில்: அந்தச் சொல்லை நம்பாதீர்கள். தீயைத் தாமதப்படுத்தும் பொருள் அதில் கலந்திருக்கும், அதனால் தீக்குச்சியை வைத்து எடுத்தால் அணைந்துபோகும், அதைத்தான் உங்களுக்குச் செய்து காட்டுவார்கள். பெரிய தீ வந்தால் பாலியூரித்தேன் எரியும், எரியும்போது கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜன் சயனைடும் வரும், இரண்டும் விஷ வாயு. அந்தப் புகையில் மாட்டை அவிழ்க்க உள்ளே போகிறவருக்குச் சில நிமிடங்கள்கூடக் கிடைக்காது. வெல்டிங்கையும் கிரைண்டரையும் வேறு இடத்துக்கு மாற்றுங்கள். நுரையின் மேல் 12 மி.மீ. ஜிப்சம் பலகையோ, தீப்பட்டால் உப்பி மூடிக்கொள்ளும் பூச்சோ போடுங்கள். ஈரம் உள்ள இடத்தில் ஜிப்சம் ஊறிப்போகும் என்பதையும் பாருங்கள். உங்கள் பகுதிக் கட்டட விதி என்ன கேட்கிறது, காப்பீட்டில் என்ன எழுதியிருக்கிறது என்பதை அடிப்பதற்கு முன்பே விசாரியுங்கள்.

கேள்வி: அடிக்கும் நாளில் நான் எதைக் கவனிக்க வேண்டும்?

பதில்: தகரம் காய்ந்திருக்க வேண்டும், புதுத் தகரமென்றால் அதில் இருக்கும் எண்ணெயைத் துடைத்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் நுரை பாளம் பாளமாகக் கழன்று விழும். ஒரே தடவையில் 50 மி.மீ.க்கு மேல் அடிக்க விடாதீர்கள். இரண்டு திரவமும் கலக்கும்போது சூடு பிறக்கிறது, கனமாக அடித்தால் அது வெளியேற முடியாமல் உள்ளே கருகும், தீப்பிடித்ததும் உண்டு. அடித்து இரண்டு நாள் கழித்தும் மீன் நாற்றம் வந்தால் கலவை சரியில்லை, வெட்டி எடுக்கச் சொல்லுங்கள். அடிக்கும் திரவத்தில் இருக்கும் ஐசோசயனேட் ஆஸ்துமாவைக் கொண்டுவரும் பொருள். மாடு கன்று, தீவனம், தண்ணீர்த் தொட்டி எல்லாவற்றையும் வெளியேற்றிவிட்டு, குறைந்தது 24 மணி நேரம் நீங்களும் உள்ளே போகாதீர்கள்.

கேள்வி: பழைய தகரம், இரண்டு மூன்று இடத்தில் ஒழுகுகிறது. நுரை அடித்தால் ஒழுக்கும் அடைபடும்தானே?

பதில்: அடைபட்டது போலத் தெரியும். தண்ணீர் தகரத்துக்கும் நுரைக்கும் நடுவே ஓடி வேறொரு இடத்தில் இறங்கும், அதற்குள் நுரைக்குள் புதைந்த மரச்சட்டம் உளுத்திருக்கும், தகரமும் உள்ளிருந்தே துருப்பிடிக்கும். அப்புறம் ஒரு ஷீட்டை மட்டும் கழற்றி மாற்றவும் முடியாது, நுரை எல்லாவற்றையும் ஒன்றாகப் பிடித்து வைத்திருக்கும். துருப்பிடித்த தகரத்தை இப்போதே மாற்றுங்கள், திருகுகளின் ரப்பர் வாஷர் வெடித்திருந்தால் அதையும் மாற்றுங்கள், ஒரு பெருமழையில் கொட்டகைக்குள் நின்று அண்ணாந்து பார்த்துவிட்டு, அதன் பிறகு நுரை அடிக்க ஆளைக் கூப்பிடுங்கள்.