ஓட்டப்பந்தய வீரராக இருந்து விமானப்படையில் உயர் அதிகாரி ஆனவர் யாராவது உண்டா? அவருடைய வாழ்க்கை எப்படிப்பட்டது?

உண்டு. டான் ஃபின்லே. இங்கிலாந்துக்காரர். ஒலிம்பிக்கில் இரண்டு பதக்கம் வாங்கியவர், இரண்டாம் உலகப்போரில் ஸ்பிட்ஃபயர் என்ற போர் விமானங்கள் கொண்ட ஸ்குவாட்ரனுக்கு (விமானப்படைப் பிரிவுக்கு) தலைமை தாங்கியவர், பிரிட்டிஷ் விமானப்படையில் குரூப் கேப்டனாக இருந்தவர். நம் விமானப்படையிலும் இதே பதவிப் பெயர்தான். தரைப்படைக் கர்னலுக்குச் சமம்.

அவருடைய முக்கியமான போட்டி 110 மீட்டர் தடை ஓட்டம். தடையில்லாத ஓட்டத்திலும் வேகக்காரர்தான். 1932 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் 4x100 தொடர் ஓட்டத்தில் ஆறாவதாக வந்த பிரிட்டன் அணியில் அவரும் ஓடினார்.

எனக்கு இவர்மேல் இவ்வளவு பற்று வந்ததற்குக் காரணம் இருக்கிறது. பள்ளியில் நானும் ஹர்டில்ஸ் ஓடியவன். பெரியவர்களுக்கான 110 மீட்டரில் மொத்தம் பத்துத் தடை, ஒவ்வொன்றும் 106.7 செ.மீ. உயரம், கிட்டத்தட்ட இடுப்பளவு. முதல் தடை 13.72 மீட்டரில், பிறகு 9.14 மீட்டருக்கு ஒன்று. இரண்டு தடைக்கு நடுவில் மூன்றே தப்படி. "எண்ணாதே, தாளம் உடம்புக்குள் இருக்கணும்" என்பார் எங்கள் பி.இ.டி. மாஸ்டர். கடைசித் தடைக்கு வரும்போது கால் களைத்திருக்கும், தப்படி சுருங்கும், தூக்கும் முழங்கால் ஒரு விரற்கடை தாழும். மாவட்டப் போட்டி ஒன்றில் நான் விழுந்ததும் அந்தப் பத்தாவது தடையில்தான். முன்னால் யாரும் இல்லாமல் ஓடிவந்து விழுந்தேன். முட்டியில் தழும்பு இன்னும் இருக்கிறது. பல வருடம் கழித்து ஃபின்லேயின் வெம்பிளி ஓட்டத்தைப் பற்றிப் படித்த அன்று இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

1909இல் பிறந்தவர். 1925இல், பதினாறு வயதுப் பையனாக, ஹால்டன் என்ற இடத்திலிருந்த விமானப்படைத் தொழிற்பயிற்சிப் பள்ளியில் சேர்ந்தார். பள்ளிப் படிப்பு முடித்த பையன்களை எடுத்து விமான மெக்கானிக் ஆக்கும் பள்ளி அது. அரம் பிடிப்பது, எஞ்சினைப் பிரித்துக் கோப்பது என்று கையழுக்காகும் வேலை. விமானம் ஓட்டுவது வேறு வகுப்பு ஆட்களின் வேலை என்று நினைத்த காலம். அங்கிருந்து விமானியாகி, அதிகாரியாகி, பின்னாளில் ஸ்குவாட்ரன் தலைமைக்கு வந்தார். அவருடைய பதக்கங்களைவிட இந்த ஏற்றம்தான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

ஓட்டம் இதோடு கூடவே வளர்ந்தது. 1932 முதல் 1938 வரை இங்கிலாந்தின் தடகளச் சங்கமான ஏ.ஏ.ஏ. நடத்தும் போட்டியின் சாம்பியன் பட்டத்தைத் தொடர்ந்து ஏழு வருடம் வேறு யாருக்கும் விட்டுத்தரவில்லை. 1934இல் எம்பயர் விளையாட்டுப் போட்டியில் தங்கம்; இன்றைய காமன்வெல்த் போட்டியின் பழைய பெயர் அது.

லாஸ் ஏஞ்சல்ஸில் நடந்ததைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். இறுதி ஓட்டத்தில் அமெரிக்கர்களான ஜார்ஜ் சாலிங்கும் பெர்சி பியர்டும் முதல் இரண்டு இடம். மூன்றாவது ஜாக் கெல்லர் என்று நடுவர்கள் முடிவு சொன்னார்கள், அவரும் அமெரிக்கர். மூன்று பதக்கமும் போட்டி நடத்திய நாட்டுக்கே. பிறகு படச்சுருளைப் போட்டுப் பார்த்தபோது மூன்றாவதாகக் கோட்டைத் தொட்டது ஃபின்லே என்று தெரிந்தது. கெல்லர் தன் கைக்கு வந்த வெண்கலத்தை எடுத்துக்கொண்டு ஃபின்லேயைத் தேடிப்போய்க் கொடுத்தார். கெல்லரின் பெயரையும் சேர்த்துச் சொல்லாமல் ஃபின்லேயின் முதல் பதக்கத்தைப் பற்றி என்னால் பேச முடியாது.

1936 பெர்லினில் வெள்ளி. தங்கம் ஃபாரஸ்ட் டவுன்ஸுக்கு, 14.2 விநாடி. ஃபின்லே 14.4. அப்போது ஸ்டார்ட்டிங் பிளாக் கிடையாது. கரித்தூள் தடத்தில் குழி தோண்டி அதில் பாதத்தை ஊன்றித்தான் கிளம்புவார்கள். இட்லர் தன் நாட்டின் வலிமையைக் காட்ட நடத்திய அந்தப் போட்டிக்கு நாலே வருடம் கழித்து, அதே நாட்டின் விமானங்கள் ஃபின்லேயின் ஊர் வானத்துக்கு வந்தன.

1940 ஆகஸ்ட் கடைசியில் 54ஆம் ஸ்குவாட்ரனுக்குத் தலைமையேற்றார். ஒரு சில நாளிலேயே அவருடைய ஸ்பிட்ஃபயரைச் சுட்டு வீழ்த்திவிட்டார்கள். காயத்தோடு பாராசூட்டில் குதித்துப் பிழைத்தார். அடுத்த மாதமே 41ஆம் ஸ்குவாட்ரனின் தலைவராகத் திரும்பி வந்தார். அதன் தலைவர் ஹிலரி ஹூட் செப்டம்பர் 5 அன்று சண்டையில் இறந்திருந்தார். ஃபின்லேக்கு அப்போது 31 வயது. உடன் பறந்தவர்களில் பெரும்பாலோர் இருபதைத் தாண்டி ஒன்றிரண்டு வருடம் ஆன பையன்கள். 1941 வரை அந்த ஸ்குவாட்ரனை நடத்தினார். விமானப்படை வீரர்களுக்கான டி.எஃப்.சி. (டிஸ்டிங்விஷ்டு ஃபிளையிங் கிராஸ்) பதக்கமும் பின்னர் ஏ.எஃப்.சி. (ஏர் ஃபோர்ஸ் கிராஸ்) பதக்கமும் கிடைத்தன.

எனக்கு ஆறாத விஷயம் ஒன்று உண்டு. போருக்கு முந்தைய வருடம், 1938இல், பாரிஸில் 14.3 விநாடியில் ஓடி ஐரோப்பிய சாம்பியன் ஆனவர் அவர். வெண்கலம், வெள்ளி என்று ஏறிவந்தவருக்கு அடுத்த ஒலிம்பிக் 1940இல். அது நடக்கவில்லை. 1944உம் நடக்கவில்லை. ஓடுகிறவனுக்கு எட்டு வருடம் என்பது முழு ஆயுள். அவர் ஒருவருக்கு மட்டும் நேர்ந்த இழப்பு இல்லை, தெரியும். உயிரையே விட்டவர்கள் எத்தனையோ பேர். இருந்தாலும் அந்த 14.3ஐப் பார்க்கும்போதெல்லாம் மனசு கேட்கமாட்டேன் என்கிறது.

1948 லண்டன் ஒலிம்பிக் வந்தபோது அவருக்கு வயது 39, குரூப் கேப்டனுக்கு ஒரு படி கீழான விங் கமாண்டர் பதவி. வெம்பிளி மைதானத்தில் எல்லா நாட்டு வீரர்கள் சார்பாகவும் உறுதிமொழி எடுத்தவர் அவர்தான். அப்படி ஒரு மரியாதையோடு நிறுத்திக்கொண்டிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்கமாட்டார்கள். அவர் ஓடவும் இறங்கினார். முதல் சுற்றில், தன்னைவிடப் பத்துப் பதினைந்து வயது இளையவர்களுக்கு முன்னால் ஓடிக்கொண்டிருந்தார். கடைசித் தடையில் இடித்து விழுந்தார்.

அன்று அவர் எப்படி எழுந்திருப்பார் என்று எனக்குத் தெரியும். உள்ளங்கையில் கரித்தூள் குத்தியிருக்கும், காதில் கூட்டத்தின் சத்தம் தூரத்தில் கேட்பதுபோல இருக்கும். பதின்வயதில் விழுந்த நான் அதற்குப் பிறகு ஸ்பைக்ஸ் என்ற ஓட்டக்காரர்களின் ஆணிக் காலணியைப் போடவே இல்லை.

அவர் அடுத்த வருடம், 1949இல், நாற்பது வயதில் மறுபடியும் ஏ.ஏ.ஏ. சாம்பியன் ஆனார். எட்டாவது முறை. 1950 பிப்ரவரியில் ஆக்லாந்து எம்பயர் போட்டிக்கும் போனார். அங்கே நாலாவது இடம், பத்துத் தடையும் தாண்டி.