வாசகர் கேள்வி பதில்: சுங்கை பூலோவுக்கு எத்தனை மணிக்குப் போவது?

கேள்வி: டிசம்பர் விடுமுறைக்குத் திருச்சியிலிருந்து அக்கா பிள்ளைகள் வருகிறார்கள். வலசைப் பறவைகளைக் காட்டச் சிங்கப்பூரின் சுங்கை பூலோ சதுப்பு நிலக் காப்பகத்துக்கு அழைத்துப் போகலாம் என்றிருக்கிறேன். போன வருடம் காலை ஏழு மணிக்குக் கதவு திறந்ததுமே போனோம். கண்ணுக்கெட்டியவரை சேறுதான்; பறவைகள் எங்கோ புள்ளி புள்ளியாகத் தெரிந்தன. என்னதான் செய்வது?
– வாசகி, உட்லண்ட்ஸ்

பதில்: தாராளமாக அழைத்துப் போங்கள் அம்மா. ஆனால் இந்த முறை கடிகாரத்தை விட்டுவிட்டுக் கடலைப் பாருங்கள்.

விடியலில் போவதெல்லாம் காட்டுப் பறவைகளுக்குச் சரி. சதுப்பு நிலத்தில் கதை வேறு. ஜொகூர் நீரிணையில் தண்ணீர் இறங்கினால் உள்ளான்கள் என்னும் கரையோரப் பறவைகள் எல்லாம் வெளியே சேற்றில் பரவி, புழுவும் நண்டும் தேடப் போய்விடும். நீங்கள் பார்த்த புள்ளிகள் அவைதான். தண்ணீர் ஏறிச் சேறு மூழ்கியதும், நிற்க இடமில்லாமல் காப்பகத்துக்கு உள்ளே இருக்கும் குளங்களுக்குக் கூட்டமாக வந்து இறங்கும். அந்தக் குளங்கள் ஒரு காலத்தில் இறால் பண்ணைகள். பறவைகள் நிற்கத் தோதாக மதகை வைத்துத் தண்ணீரைக் குறைத்து வைக்கிறார்கள்.

கடல் ஏறும் நேரம் தினமும் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். அட்டவணையைப் பார்த்து, காலை ஒன்பது, பத்து மணிக்கு ஏற்றம் உச்சத்துக்கு வரும் நாளாகத் தேர்ந்தெடுங்கள். அதற்கு ஒரு மணி நேரம் முன்பே, பறவைகளை ஒளிந்திருந்து பார்க்கும் மறைவுக்குடிலில் போய் உட்கார்ந்துவிடுங்கள். பிள்ளைகளைக் கால்களைப் பார்க்கச் சொல்லுங்கள். சிவந்த காலென்றால் பவளக்காலி. பறக்கும்போது இறக்கையின் பின்னோரம் வெள்ளையாகப் பளிச்சிடும். வெளிறிய பச்சைக் காலும் லேசாக மேல்நோக்கிய அலகும் இருந்தால் பச்சைக்காலி. கீழ்நோக்கி வளைந்த நீள அலகோடு ஒன்று நிற்கும். நண்டு கிடைத்தால் அதை உதறி உதறிக் கால்களைக் கழற்றிவிட்டுத்தான் விழுங்கும். அதைப் பார்க்கும் பிள்ளைகள் கைப்பேசியைக் கேட்க மாட்டார்கள்.

முதலைகள் உண்டு. பாதையை விட்டு இறங்காமல் இருந்தால் போதும். என் வீட்டுக்காரர் பறவை பார்க்க வந்து, முதலைக்காகப் பாலத்திலேயே நின்றுவிடுகிற ரகம்! குரங்குக்குத் தின்ன எதுவும் கொடுக்க வேண்டாம், சட்டப்படி குற்றம். கிராஞ்சி எம்ஆர்டியில் இறங்கி 925 பேருந்து பிடியுங்கள். பருவமழை நேரம், ஆளுக்கொரு மழைக்கோட்டு இருக்கட்டும்.

கேள்வி: டிசம்பரில் முடியாது. மார்ச் மாதம் போனால் ஏதாவது மிச்சம் இருக்குமா?
– வாசகர், ஈசூன்

பதில்: இருக்கும். செப்டம்பரில் வரத் தொடங்கி மார்ச் வரை தங்குபவை அவை. இன்னும் சொன்னால், உப்புக்கொத்திகள் என்னும் கரையோரப் பறவைகளைப் பார்க்க மார்ச் கடைசிதான் எனக்குப் பிடித்த நேரம். பசிபிக்கைச் சேர்ந்த பொன்னிற உப்புக்கொத்திக்கு அப்போது வயிற்றில் திட்டுத் திட்டாகக் கறுப்பு ஏறியிருக்கும். வடக்கே சைபீரியாவில் இணை தேடுவதற்கான உடுப்பை இங்கிருந்தே போடத் தொடங்கிவிடுகிறது.