பத்துப்பாட்டு என்றால் பத்துப் பாட்டுதானே?

கேள்வி: வேலூரில் மாதம் ஒரு ஞாயிறு கூடிச் சங்கப் பாடல்கள் படிக்கிறோம். இப்போது பத்துப்பாட்டில் ஒன்றான மலைபடுகடாம் ஓடுகிறது. ஆம்பூர் ஷூ கம்பெனியில் வேலை பார்க்கும் ஒரு பெண் புதிதாக வந்து, "பத்துப்பாட்டு என்றால் பத்துப் பாட்டுதானே, அதற்கு ஏன் இவ்வளவு தடிமனான புத்தகம்?" என்று கேட்டார். சிலர் சிரித்துவிட்டார்கள். அடுத்த கூட்டத்துக்கு அவர் வரவில்லை. அடிப்படை தெரியாதவர்களுக்குத் தனி வகுப்பு வைத்துவிடலாமா?
– ஒரு வாசகர், காட்பாடி

பதில்: தனி வகுப்பு வேண்டாம் ஐயா. அதில் பழையவர்கள் யாரும் போய் உட்காரப் போவதில்லை. புதியவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து விழித்துக்கொண்டு இருப்பார்கள்.

அந்தப் பெண் கேட்டதில் சிரிக்க என்ன இருக்கிறது? புத்தகத்தைக் கையில் எடுத்த எவருக்கும் வர வேண்டிய கேள்விதான். பாட்டு பத்தே, ஆனால் ஒவ்வொன்றும் நெடும்பாட்டு. இருப்பதிலேயே சின்னதான முல்லைப்பாட்டு 103 அடி. மதுரைக்காஞ்சி 782. நீங்கள் படிக்கும் மலைபடுகடாம் 583. உரையும் சேர்ந்தால் புத்தகம் தடிக்காமல் என்ன செய்யும்? சிரித்த நேரத்தில் இதைச் சொல்லி முடித்திருக்கலாம்.

அதிலும் மலைபடுகடாம் படிக்கிறவர்கள் சிரித்தார்கள் என்பதுதான் வேடிக்கை. நம் பழைய வட ஆற்காட்டுச் செங்கத்துத் தலைவன் நன்னனிடம் பரிசு பெற்றுத் திரும்பும் கூத்தர், எதிரே வரும் இன்னொரு கூட்டத்துக்கு வழி சொல்கிற பாட்டு அது. பன்றிக்கு வைத்த பொறி எங்கே இருக்கும், பாம்பு எங்கே கிடக்கும், கவண்கல் எப்போது பறந்து வரும், எந்த ஊரில் என்ன சாப்பாடு கிடைக்கும் என்று அவ்வளவு பொறுமையாகச் சொல்கிறார். "செங்கம் கூடத் தெரியாதா?" என்று அவர் கேட்கவில்லை.

கேட்பது கற்றுக்குட்டி வேலை என்றும் நினைக்க வேண்டாம். பழைய ஏடுகளைத் தேடிப் பதிப்பித்த உ.வே.சா. கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராக இருந்தபோதே, சமணக் காப்பியமான சீவக சிந்தாமணியின் சமணச் செய்திகள் பிடிபடாமல் உள்ளூர்ச் சமணர்களிடம் போய்க் கேட்டுத் தெரிந்துகொண்டார். 1887-ல் பதிப்பு வந்தது அதற்கப்புறம்தான்.

ஒரே கேள்வி மாதாமாதம் வந்தால் அலுத்துப்போவது உண்மைதான். "எந்த உரையில் தொடங்கலாம்?" மாதிரியான கேள்விகளை டீ நேரத்துக்குத் தள்ளுங்கள், தப்பில்லை. ஆனால் டீ கிளாஸ் கைக்கு வந்ததும் பழையவர்கள் தங்களுக்குள் வட்டம் கட்டிக்கொள்வார்கள். ஒருவராவது புதியவர் பக்கத்தில் போய் நிற்க வேண்டும். அன்றைக்குப் படிக்கப்போகும் இருபது முப்பது அடிகளைப் பொருளோடு ஜெராக்ஸ் எடுத்து வாசலிலேயே கொடுத்துவிடுங்கள். பாதிக் கேள்விகள் அதிலேயே தீர்ந்துவிடும். தன் புலமையைக் காட்டவே கேள்வி கேட்பவர் வேறு ரகம். அவரைப் பற்றித் தனியாக எழுதுங்கள், பார்ப்போம்.

வாரத்தில் கிடைக்கிற ஒரு லீவு நாளில் ஆம்பூரிலிருந்து பஸ் பிடித்து வந்தவர் அந்தப் பெண். முதலில் சிரித்தவர் யாரோ, அவரே போன் செய்யட்டும். மன்னிப்பு இரண்டு வார்த்தை போதும். அப்புறம் அந்த 103, 782 கணக்கைச் சொல்லி, அடுத்த கூட்டத்தில் எந்த அடியிலிருந்து படிக்கிறீர்கள் என்பதையும் சொல்லிவிடட்டும்.