2023 ரக்பி லீக் சேலஞ்ச் கோப்பை: 17–16, நடுவில் நின்ற அந்த ஒரு புள்ளி

கேள்வி: 2023 சேலஞ்ச் கோப்பையை லீ லெப்பர்ட்ஸ் 17–16 என்று வென்றதாகப் படித்தேன். 80 நிமிடம் சமமாக ஆடிவிட்டு ஒரே ஒரு உதையில் கோப்பையை முடிப்பது எந்த விதி? அது அதிர்ஷ்டம்தானே?

அதிர்ஷ்டத்துக்கும் பங்கு உண்டு, ஆனால் நீங்கள் நினைக்கும் அளவுக்கு இல்லை. அந்த உதைக்கு முன்னால் நடக்கிற வேலையைத் தெரிந்துகொண்டு பார்த்தால் விஷயம் வேறு மாதிரி தெரியும்.

ஸ்கோர்கார்டிலிருந்து ஆரம்பிப்போம். லீ இரண்டு ட்ரை (எதிரணிக் கோட்டுக்கு அப்பால் பந்தைத் தரையில் வைப்பது) போட்டது, லாக்லன் லாம் ஒன்று, டாம் பிரிஸ்கோ ஒன்று. பென் ரெனால்ட்ஸ் நான்கு கோல் உதைத்தார். எதிரணியான ஹல் கேஆர் பக்கமும் இரண்டு ட்ரைதான், ஜெஸ் லிட்டனும் மாட் பார்செலும் போட்டவை. பிராட் ஷ்னைடர் நான்கு கோல். ட்ரைக்கு 4 புள்ளி. கன்வர்ஷன் (ட்ரைக்குப் பின் கிடைக்கும் உதை), பெனால்டி கோல் (எதிரணியின் தவறுக்குக் கிடைக்கும் உதை) இரண்டுக்கும் தலா 2. இரண்டு அணிக்கும் 8 கூட்டல் 8, ஆக 16. மிச்சம் இருப்பது லாம் உதைத்த டிராப் கோல் மட்டும். அதற்கு 1 புள்ளி. கோப்பையின் இறுதிப் போட்டி ஒன்று கோல்டன் பாயின்ட்டில், அதாவது முதல் புள்ளியோடு முடியும் கூடுதல் நேரத்தில், முடிந்தது அதுவே முதல் முறை. நாள் 2023 ஆகஸ்ட் 12, இடம் வெம்ப்ளி, அரங்கில் 58,213 பேர்.

மேலே போகும் முன் ஒன்று. இலங்கைப் பள்ளி ரக்பி பார்த்து வளர்ந்தவர்களுக்குத் தெரிந்தது ரக்பி யூனியன், அதாவது 15 பேர் ஆட்டம். இது ரக்பி லீக். வடக்கு இங்கிலாந்தின் தொழில் நகரங்களில் 1895-இல் யூனியனிலிருந்து பிரிந்து வந்த 13 பேர் ஆட்டம். லைன்அவுட் கிடையாது. பந்து வைத்திருக்கும் அணி ஆறு முறை டேக்கிள் ஆகலாம், அதாவது பிடித்து நிறுத்தப்படலாம். ஆறாவதோடு பந்து கைமாறும். கிரிக்கெட்டில் ஓவருக்கு ஆறு பந்து மாதிரி இதை ஒரு 'செட்' என்று நினைத்துக்கொள்ளுங்கள். கோல்டன் பாயின்ட்டின் தர்க்கம் முழுக்க இந்த ஆறுக்குள்தான் இருக்கிறது.

விதி சுருக்கமானது. 80 நிமிடம் முடிந்தும் சமம் என்றால் மறுபடி நாணயம் சுண்டி, கூடுதல் நேரம் தொடங்கும். அதில் யார் முதலில் எந்தப் புள்ளி எடுத்தாலும் ஆட்டம் அந்த இடத்திலேயே முடிந்தது. ட்ரை, பெனால்டி கோல், டிராப் கோல் எல்லாம் செல்லும். நடைமுறையில் இவற்றில் எளிதாக எட்டக்கூடியது டிராப் கோல் என்பதால் இரண்டு அணியும் அதையே குறிவைக்கும்.

டிராப் கோல் என்றால், ஓடுகிற ஆட்டத்திலேயே பந்தைக் கையிலிருந்து தரையில் விட்டு, அது தரையைத் தொட்டு எழும்பும் கணத்தில் உதைத்து, கோல் கம்பங்களுக்கு நடுவே குறுக்குக் கம்பத்துக்கு மேலே அனுப்புவது. பந்து முனை கீழாக நேராக விழ வேண்டும். சாய்ந்து விழுந்தால் எழும்பும் திசை மாறி உதை கோணிப் போகும். பயிற்சியில் எந்த ஹாஃப்-பேக்கும் (ஆட்டத்தை வழிநடத்தி உதைப்பவர்) எளிதாகப் போட்டுக் காட்டுவார். ஆட்டத்தில் வருகிற சிக்கல் பெரும்பாலும் காலில் இல்லை, இடத்தில்.

செட்டை எங்கே தொடங்குகிறோம் என்பதுதான் முதல் கணக்கு. கிக்-ஆஃப் பந்தைப் பிடிக்கும் அணி தன் கோட்டுக்குப் பக்கத்தில், பத்து இருபது மீட்டரில் தொடங்கும். ஐந்து டேக்கிளில் நாற்பது ஐம்பது மீட்டர் ஏறினால் நல்ல செட். அப்படியும் வந்து நிற்பது நடுக்கோடு அருகில்தான், டிராப் கோலுக்கு அது தூரம் அதிகம். ஆக அவர்கள் எதிரணியின் மூலைக்குப் பந்தை நீள உதைத்து, அங்கேயே அவர்களை அடைத்துப்போடப் பார்ப்பார்கள். அடுத்த செட்டில் எதிரணி அதே வேலையைச் செய்யும். இந்த இழுபறியில் யாராவது ஒருவர் பந்தை நழுவவிடும்வரை, அல்லது ஒரு உதை சரியாக விழாமல் போகும்வரை, யாருக்கும் உதைக்கும் தூரம் கிடைக்காது. கூடுதல் நேரத்தில் பந்தை முதலில் வாங்குவதுதான் லாபம் என்று தோன்றும்; கிக்-ஆஃப் உதைத்துவிட்டு நல்ல தடுப்பு ஆடுகிற அணிக்கு முதல் வாய்ப்பு வருவதும் சகஜம்.

தூரத்துக்குள் வந்த பிறகு நடப்பது இது. கடைசி டேக்கிளுக்கு ஒன்றிரண்டு முன்பே ஒரு கனமான முன்கள ஆட்டக்காரர் பந்தை எடுத்துக்கொண்டு கம்பங்களுக்கு நேராக, இல்லையென்றால் சற்றே ஒரு பக்கமாக, மோதி விழுவார். எவ்வளவு தூரம் ஏறினார் என்பதைவிட எங்கே விழுந்தார், எவ்வளவு சீக்கிரம் எழுந்து பந்தைக் காலால் பின்னே உருட்டினார் என்பதுதான் முக்கியம். இதற்குப் பிளே-த-பால் என்று பெயர். பின்னால் நிற்கும் டம்மி ஹாஃப், பெரும்பாலும் ஹூக்கர், பந்தைத் தரையிலிருந்து எடுத்து, பத்துப் பன்னிரண்டு மீட்டர் பின்னால் நிற்கும் உதைப்பவருக்குத் தட்டையாக, வேகமாகக் கொடுக்க வேண்டும். டேக்கிள் 20 மீட்டர் கோட்டருகே நடந்தால் உதைக்கும் தூரம் முப்பது மீட்டருக்குச் சற்று மேலே வரும்.

தடுப்பவர்களில் இருவர் பிளே-த-பாலுக்கு நேரே எதிரில் நிற்கலாம். இவர்கள் மார்க்கர்கள். மற்றவர்கள் எல்லாரும் 10 மீட்டர் பின்னே. உதையைத் தடுக்க முதலில் பாய்ந்து வருகிறவர்கள் மார்க்கர்கள்தான் என்பதால், உதைப்பவர் பிளே-த-பாலுக்கு நேர் பின்னால் நிற்காமல் விலகி நிற்பார். வலது காலால் உதைப்பவருக்கு டேக்கிள் தன் இடப்பக்கம் நடந்திருந்தால் வசதி. பாய்ந்து வருகிறவருக்கும் பந்துக்கும் நடுவில் தன் உடம்பு இருக்கும்.

கெட்டுப்போகும் இடங்களும் இங்கேதான். எழுந்திருக்கத் தாமதமானால் மார்க்கர்கள் நிதானமாக இடம் பிடித்துவிடுவார்கள். டம்மி ஹாஃபின் பாஸ் முழங்காலுக்குக் கீழே வந்தால் உதைப்பவர் குனிந்து நிமிர வேண்டும். அந்த அரை நொடியில் உதை தடுக்கப்படும். ஐந்தாவது டேக்கிள் முடியும்வரை காத்திருந்தால் உதை வரப்போவது அரங்கில் எல்லாருக்கும் தெரியும். தேர்ந்த அணிகள் மூன்றாவது நான்காவதிலேயே முயல்வதற்கு அதுதான் காரணம். இன்னொரு காரணமும் உண்டு: தடுக்கப்பட்ட பந்து தங்களிடமே திரும்பி வந்தால் டேக்கிள் எண்ணிக்கை புதிதாகத் தொடங்கும். தடுக்கும் அணிக்கும் கண்டம் இருக்கிறது. மார்க்கர் அவசரப்பட்டு முன்னதாகப் பாய்ந்தால் பெனால்டி. கம்பத்துக்கு எதிரே பெனால்டி கொடுத்தால் ஆட்டம் முடிந்ததாகவே வைத்துக்கொள்ளலாம்.

இதையெல்லாம் பார்த்தால் கால்பந்தின் பெனால்டி ஷூட்-அவுட்டோடு இதை ஒரே தட்டில் வைக்க முடியாது என்பது என் கருத்து. அங்கே ஆட்டத்தை நிறுத்திவிட்டு வேறொரு போட்டி வைக்கிறார்கள். இங்கே அதே ஆட்டம்தான் தொடர்கிறது. முன்கள ஆட்டக்காரர், ஹூக்கர், ஹாஃப்-பேக் என்று மூவரும் களைத்த காலோடு தங்கள் வேலையைச் சரியாகச் செய்தால்தான் அந்த ஒரு புள்ளி வரும். ஒரு குறை மட்டும் நியாயமானது: இரண்டு அணிக்கும் சமமாகப் பந்து கிடைக்கும் என்று உத்தரவாதம் இல்லை.

2023 பருவத்தில் இந்தத் திறமை எவ்வளவு தூரம் பேசியது என்று பாருங்கள். பிப்ரவரியிலேயே செயின்ட் ஹெலன்ஸ் ஆஸ்திரேலியா போய், பென்ரித்தை அவர்கள் மண்ணில் 13–12 என்று வென்று உலகக் கிளப் பட்டம் எடுத்தது. அதுவும் கோல்டன் பாயின்ட்தான், லூயிஸ் டாட் உதைத்த டிராப் கோல். அந்த ஆண்டு சேலஞ்ச் கோப்பையில், மேல் டிவிஷனான சூப்பர் லீக்கின் கிளப்புகள் ஆறாம் சுற்றில்தான் நுழைந்தன. அதற்கு முன்னால் அமெச்சூர் கிளப்புகளும் கீழ் டிவிஷன்களும் குளிர்காலத்திலிருந்தே ஆடி வடிகட்டப்பட்டு வந்தன. மே மாதம் ஆறாம் சுற்று, ஜூனில் காலிறுதி, ஜூலையில் அரையிறுதி.

அரையிறுதிகள் இரண்டும் நூலிழை. ஜூலை 22 அன்று வாரிங்டனில் லீ 12, செயின்ட் ஹெலன்ஸ் 10. தொடர்ந்து நான்கு ஆண்டு சூப்பர் லீக் சாம்பியனாக இருந்த, அந்த வருடத்து உலகக் கிளப் சாம்பியனும் ஆன அணியை, முந்தைய ஆண்டு இரண்டாம் டிவிஷனில் ஆடிய அணி வெளியேற்றியது. மறுநாள் லீட்ஸின் ஹெடிங்லியில் ஹல் கேஆர் 11, விகன் 10. மறுபடியும் கோல்டன் பாயின்ட். உதைத்தவர் ஷ்னைடர், பருவத்தின் நடுவில் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்து சேர்ந்தவர். ஆக இறுதியில் 16–16 ஆனபோது, மூன்று வாரம் முன்பு இதே வேலையைச் செய்து முடித்த கால் ஹல் கேஆர் பக்கம்தான் இருந்தது. காகிதத்தில் சாதகம் அவர்களுக்கு.

அந்த 16–16 வந்த விதமும் ஒரு பாடம். ஆட்டம் முடியும் தறுவாயில் லீ 16–10 முன்னிலை. ஆறு புள்ளி என்பது ரக்பி லீக்கில் மோசமான முன்னிலை. ஒரு ட்ரையும் கன்வர்ஷனும் சேர்ந்தால் சரியாக ஆறு. பார்செல் ட்ரை போட்டார், ஷ்னைடர் உதைத்தார், சமம். ஏழு புள்ளி முன்னிலை என்றால் எதிரணி இரண்டு முறை வர வேண்டும். ஆறு புள்ளி முன்னால் நிற்கும் அணிகள் எழுபதாவது நிமிடத்துக்கு மேல் ட்ரைக்கு ஓடாமல் டிராப் கோலுக்கு நிற்பதைப் பார்த்து, புதிதாகப் பார்க்கிறவர்கள் 'கோழைத்தனம்' என்பார்கள். வெறும் கணக்கு அது. மேலும் இந்த ஆட்டத்தில் புள்ளி கொடுத்த அணிதான் கிக்-ஆஃப் உதைக்க வேண்டும், ஆகவே டிராப் கோல் போட்டவர்களுக்கே பந்து திரும்ப வரும். ஒரு புள்ளியோடு ஒரு செட் நேரமும் கரைகிறது.

2020 இறுதியில் லீட்ஸ் செய்தது அதையேதான். சால்ஃபோர்டோடு 16–16, கொரோனா காரணமாகப் பார்வையாளர் இல்லாத வெம்ப்ளி, 75-ஆவது நிமிடம், லூக் கேல் டிராப் கோல், 17–16. அதே ஸ்கோர், கூடுதல் நேரம் வராமலேயே. என்னைக் கேட்டால் இரண்டில் தெளிவான முடிவு அது. ஐந்து நிமிடம் மீதி இருக்கும்போது எடுத்த முடிவு.

ஒரே உதை என்றதும் பழைய ரசிகர்கள் 1968-க்குப் போய்விடுவார்கள். மழையில் தண்ணீர் தேங்கிய வெம்ப்ளியில் லீட்ஸ் 11, வேக்ஃபீல்ட் 10. கடைசிக் கணத்தில் கம்பத்துக்கு நேர் எதிரே டான் ஃபாக்ஸ் கன்வர்ஷனைத் தவறவிட்டார். போயிருந்தால் கோப்பை வேக்ஃபீல்டுக்கு. ஆட்ட நாயகனுக்கான லான்ஸ் டாட் விருது அவருக்கே கிடைத்தது என்பதுதான் கொடுமை. வாக்கு அதற்கு முன்பே முடிந்திருந்தது.

லீ பக்கம் திரும்புவோம். பயிற்சியாளர் ஏட்ரியன் லாம், உதைத்தவர் அவர் மகன் லாக்லன், இருவரும் பப்புவா நியூ கினிக்கு ஆடியவர்கள். 2023-இன் லான்ஸ் டாட் விருது லாக்லனுக்கு. கிளப் 2022 வரை 'சென்சூரியன்ஸ்'. மேல் டிவிஷனுக்கு ஏறிய கையோடு 'லெப்பர்ட்ஸ்' ஆனது, சிறுத்தைப் புள்ளி ஜெர்சியோடு. அதைக் கேலி செய்யாதவர்கள் குறைவு. அதற்கு முன் அவர்கள் இந்தக் கோப்பையை வென்றது 1921-லும் 1971-லும் மட்டும். இன்னொரு துணுக்கு: ட்ரை போட்ட பிரிஸ்கோ, 2015 இறுதியில் லீட்ஸுக்காக இதே ஹல் கேஆருக்கு எதிராக ஐந்து ட்ரை போட்டுச் சாதனை படைத்தவர். அன்றைய ஸ்கோர் 50–0.

ஆட்டத்தை மறுபடி பார்ப்பதாக இருந்தால் கோல்டன் பாயின்ட் பகுதியில் பந்தை விட்டுவிட்டு லாம் எங்கே போய் நிற்கிறார் என்று மட்டும் பாருங்கள். அதே நாள், அதே மைதானத்தில் பெண்கள் சேலஞ்ச் கோப்பை இறுதியும் வெம்ப்ளியில் முதல் முறையாக நடந்தது. செயின்ட் ஹெலன்ஸ் 22, லீட்ஸ் 8. நேரம் இருந்தால் அதையும் சேர்த்துப் பாருங்கள்.

ஹல் கேஆர் அந்தத் தோல்வியோடு ஓய்ந்துவிடவில்லை. ஒன்றரை மாதத்தில் சூப்பர் லீக் பிளே-ஆஃபில் லீயை 20–6 என்று வீட்டுக்கு அனுப்பியது. 2025 ஜூனில் மறுபடி வெம்ப்ளி, இம்முறை எதிரில் வாரிங்டன், 6–2 என்று பின்தங்கியிருந்தது. நான்கு புள்ளி முன்னிலை என்பது ஆறைவிட மோசம். 78-ஆவது நிமிடத்தில் டாம் டேவிஸ் ட்ரை, மைக்கி லூயிஸ் கன்வர்ஷன், 8–6. 1985-க்குப் பிறகு அந்தக் கிளப் எடுத்த முதல் பெரிய கோப்பை அது.