ஹவாய் மொழியை மீட்கும் பணிக்கு உலுக்கௌ இணைய நூலகத்தை எப்படிப் பயன்படுத்துவது?

உலுக்கௌவில் அகராதி, பாடநூல் எல்லாம் உண்டு. ஆனால் பெருஞ்செல்வம் 1834 முதல் 1948 வரை வெளிவந்த ஹவாய் மொழிச் செய்தித்தாள்கள்தான். 1896-இல் பள்ளிகளில் ஆங்கிலமே பயிற்றுமொழி என்று சட்டம் வந்தபின், வீட்டிலும் அந்த மொழியைக் கேட்காமலே தலைமுறைகள் வளர்ந்தன. பிறந்ததிலிருந்து பேசியவர்களின் நடை வேண்டுமென்றால் அந்தப் பக்கங்களுக்குப் போக வேண்டும்.

அங்கே முதலில் சறுக்குவது எழுத்துக்குறிகளில். இன்றைய எழுத்துமுறையில் நெடிலுக்கு மேலே ஒரு கோடு உண்டு, அது கஹக்கோ. தொண்டையில் சட்டென நிறுத்தும் ஒலிக்கு ஓக்கினா என்ற குறி உண்டு. பழைய தாள்களில் இரண்டும் பெரும்பாலும் கிடையாது. 'பௌ' என்றால் முடிந்தது. நடுவில் நிறுத்தி 'ப-உ' என்றால் புகைக்கரி. இரண்டையும் நீட்டி 'பா-ஊ' என்றால் பாவாடை. மூன்றும் அச்சில் ஒன்றுபோலவே இருக்கும். ஆகவே பழைய தாள்களில் தேடும்போது குறிகளை நீக்கிவிட்டுத் தட்டச்சு செய்யுங்கள். ஒரு விதிவிலக்கு: 'என்', 'உன்' எனப் பொருள்படும் இரண்டு ஹவாய்ச் சொற்களுக்கு இடையே ஓக்கினா மட்டுமே வேறுபாடு என்பதால், அங்கே சில தாள்கள் மேற்கோள் குறி போட்டிருக்கும். அத்தகைய சொற்களை இரண்டு விதமாகவும் தேடிப் பாருங்கள்.

அடுத்த தொல்லை ஓசிஆர், அதாவது பக்கத்தின் படத்திலுள்ள அச்சைக் கணினியே படித்து எழுத்தாக மாற்றுவது. மங்கிய அச்சில் 'u' எழுத்தை 'n' என்று கணினி படித்துவிடும். இரண்டுமே அந்த மொழியில் உள்ள எழுத்துகள் என்பதால் பிழை கண்ணில் படாது. அந்த மொழியில் இல்லாத 'c' வந்தால் சந்தேகப்படலாம், அது பெரும்பாலும் 'e'யாக இருக்கும். தேடலில் கிடைத்த வரியை அப்படியே நகலெடுக்காதீர்கள். பக்கத்தின் படத்தைத் திறந்து ஒப்பிட்டே எடுங்கள்.

தொடர்கதை எடுத்தால் கடைசி வரியைப் பாருங்கள். 'அஓலே இ பௌ' என்றிருந்தால் இன்னும் முடியவில்லை என்று பொருள். கூஓக்கோஆ போன்ற வார இதழ் என்றால் ஏழு நாள் கழித்து வந்த இதழைத் திறக்கலாம்.

பாடமாக்கும்போது மூல வரியைக் குறியில்லாமல் மேலே வையுங்கள், குறியிட்ட வடிவத்தைக் கீழே எழுதுங்கள். குறியிட புகூயி–எல்பர்ட் அகராதி போதும். வழக்கொழிந்த பொருளுக்கு 1865-இன் ஆண்ட்ரூஸ் அகராதியையும் சேர்த்துப் பாருங்கள். சூழலை வைத்தும் எந்தச் சொல் என்று தீர்மானிக்க முடியாவிட்டால், குறியிடாமலே விடுங்கள். ஆட்பெயர், இடப்பெயர்களில் இது மிக முக்கியம். ஊகித்துப் போட்ட ஒரு கோட்டைக் குழந்தைகள் சரியான உச்சரிப்பாகவே மனத்தில் பதித்துக்கொள்வார்கள்.