காசுப் பெட்டி: வாசகர் கேள்வி–பதில்

கேள்வி: மாமியார் வைத்திருந்த பித்தளைச் சொம்பில் ராஜராஜன் செப்புக்காசுகள் ஐந்து கிடைத்தன. ஒன்றில் நிற்கும் அரசனுக்கு ஒரு கை கூடுதலாகத் தெரிகிறது. காசு சேர்க்கும் உறவினர் ஒருவர், "இது அபூர்வ அச்சு, இதை வைத்துக்கொண்டு மற்ற நான்கையும் என்னிடம் கொடுத்துவிடுங்கள்" என்கிறார். கொடுக்கலாமா? படங்கள் அனுப்பியிருக்கிறேன்.
— ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: கொடுக்காதீர்கள். அவர் கேட்கும் நான்கில்தான் விஷயம் இருக்கிறது.

முதலில் அந்தக் கூடுதல் கை. செப்பு வில்லையை இரண்டு அச்சுகளுக்கு நடுவே வைத்துச் சுத்தியலால் அடித்துத்தான் இந்தக் காசுகளைச் செய்தார்கள். சுத்தியல் அடி ஒன்று விழுந்து, செப்பு வில்லை சற்று நகர்ந்ததும் அடுத்த அடி விழுந்திருக்கிறது. கையோடு அதில் பிடித்திருக்கும் பூவும் அதே பக்கமாக, அதே அளவு தள்ளி இரட்டித்திருப்பதைப் பாருங்கள். இது அந்த ஒரு காசுக்கு நேர்ந்தது, அச்சுக்கு அல்ல. அச்சிலேயே வெட்டிய வேறுபாடு என்றால், அந்த அச்சில் அடித்த இன்னொரு காசிலும் அதே இடத்தில் இருந்தாக வேண்டும்.

இப்போது இரண்டாவது, நான்காவது காசுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். அமர்ந்த உருவத்தின் முழங்காலுக்குக் கீழே மயிரிழை போல ஒரு கோடு. கீறல் என்றால் பள்ளமாக இருக்கும். இது மேடாக இருக்கிறது. அச்சு விரிசல் விட்டு, அந்த விரிசலுக்குள் செம்பு புகுந்ததால் வந்த மேடு. இரண்டாவது காசில் கோடு குட்டையாக நின்றுவிடுகிறது. நான்காவதில் எழுத்து வரை ஓடுகிறது. ஆகவே இரண்டும் ஒரே அச்சு, நான்காவது பிந்தி அடித்தது. ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய பட்டறையில் எது முன், எது பின் என்று உங்கள் வீட்டு மேசையில் வைத்தே சொல்ல முடிகிறது. இந்த ஜோடியைப் பிரிக்கவே கூடாது.

அவற்றின் மறுபக்கம் வேறு வேறாக இருப்பதைக் கண்டு குழம்ப வேண்டாம். மேலச்சு, கீழச்சு இரண்டும் ஒரே வேகத்தில் தேய்வதில்லை. ஒன்றை மாற்றிவிட்டு மற்றதைத் தொடர்ந்து பயன்படுத்துவார்கள். அதனால் ஒவ்வொரு பக்கத்தையும் தனியாகத்தான் ஒப்பிட வேண்டும். அச்சைவிட வில்லை சிறியது என்பதால் ஒரு காசில் தலை வெட்டுப்படும், இன்னொன்றில் கால் வெட்டுப்படும். இரண்டிலும் விழுந்திருக்கும் பகுதியை எடுத்துக்கொண்டு, இடக்கைக்குக் கீழே நாகரியில் உள்ள 'ஸ்ரீ ராஜராஜ' எழுத்துகளின் சாய்வையும் இடைவெளியையும் பாருங்கள். விளக்கைப் பக்கவாட்டில் தாழ்வாக வைத்தால் மேடு பள்ளம் தெளிவாகத் தெரியும். எழுத்தே தெரியாத காசை ராஜராஜனுடையது என்று முடிவு கட்டாதீர்கள். பராக்கிரமபாகு, நிசங்கமல்லன் போன்ற இலங்கை மன்னர்களும் இதே நின்ற, அமர்ந்த உருவங்களோடு காசு அடித்தார்கள்.

ஓர் எச்சரிக்கை: இரு காசுகளில் உருவம் மட்டுமல்லாமல் விளிம்பின் வடிவம், தேய்மானம் எல்லாமே அச்சு அசலாக ஒத்துப்போனால் சந்தேகப்படுங்கள். கையால் அடித்த காசுகளில் அப்படி வராது. வார்ப்பில் எடுத்த நகலாக இருக்கும்.

புளி போட்டுத் தேய்க்காதீர்கள், தயவுசெய்து. படத்தில் ஐந்தாவது காசு பளபளக்கிறது. அதன் எழுத்தின் ஓரங்கள் மழுங்கிவிட்டன, இனி அதை எதனோடும் ஒப்பிட முடியாது. மற்ற நான்கையாவது இருக்கிற பச்சையோடும் கருமையோடும் விட்டுவிடுங்கள்.

கேள்வி: என்னிடம் 1835 கம்பெனி காலணா இரண்டு உள்ளன. காசில் பொறித்திருக்கும் இலை மாலையில் பழங்களின் எண்ணிக்கை வேறுபடுகிறது. ஒன்று போலியா?
— ஒரு வாசகர், காரைக்குடி

பதில்: அதை மட்டும் வைத்துப் போலி என்று சொல்ல முடியாது. இந்தக் காசுக்கு அச்சுகள் பல. பழங்களை எண்ணித்தான் சேகரிப்பாளர்கள் வகை பிரிக்கிறார்கள். 1858 காலணா கிடைத்தால் மாலையின் உச்சியில் இலை நுனி ஒற்றையா இரட்டையா என்று பாருங்கள். போலியா என்ற சந்தேகத்துக்கு முதலில் தராசுதான்: விதிப்படி எடை 100 கிரெயின், ஏறத்தாழ 6.5 கிராம். தேய்ந்த காசின் எடை கொஞ்சம் குறையும், அதிகமாகாது.